பிடுங்கவும் பழகுவோம்

பள்ளித் தோட்டம் என்றதும் பலர் கீரையையும் வெண்டையையும் மட்டுமே நினைக்கின்றனர். என் கருத்தில், முள்ளங்கிக்கும் ஒரு பாத்தி ஒதுக்க வேண்டும்.

டர்னிப் குளிர்ச்சியை விரும்பும். அதற்குக் கேமரன் மலை ஏற்றது. அதே கடுகுக் குடும்பத்தைச் சேர்ந்த வெள்ளை முள்ளங்கியில், வெப்பத்தைத் தாங்கும் வகைகள் தாழ்நிலத்திலும் விளையும். மண்ணை நன்கு கிளறி, விதையை நேரடியாகப் பாத்தியில் ஊன்றினால், ஏறத்தாழ இரண்டு மாதத்திற்குள் அறுவடை செய்யலாம்.

ஆனால், ஒரு வேலை மாணவர்களுக்குத் தயக்கம் தரும். நெருக்கமாக முளைத்த நாற்றுகளுள் சிலவற்றைப் பிடுங்கி, செடிக்குச் செடி ஒரு சாண் இடைவெளி விட வேண்டும். “நன்றாக வளரும் செடியை ஏன் பிடுங்க வேண்டும்?” என்று அவர்கள் கேட்பர். இரக்கப்பட்டு விட்டுவிட்டால் இலைகள் தழைக்கும், கிழங்கு பருக்காது. பிடுங்கிய இளங்கீரையும் வீணாகாது, பொரியலுக்கு உதவும்.

சில பள்ளிகளில் இந்த வேலையைத் தோட்டக்காரரே செய்துவிடுகிறார். பாத்தி அழகாக இருக்கும். மாணவர்களுக்குப் பாடம் கிடைக்காது. ஆகவே, எந்தச் செடியை விடுவது, எதைப் பிடுங்குவது என்பதை மாணவர்களே முடிவு செய்யட்டும். தவறினால் கிழங்கு சிறுத்துப் போகலாம். அதன் காரணத்தை அவர்களே கண்டறிந்து, அடுத்த முறை திருத்திக்கொள்வார்கள்.