கொழுந்து நம்முடையது; இரசாயனம் எவருடையது?

சப்ரகமுவ மாகாணத்திலே ஒரு பல்கலைக்கழகம் இருக்கிறது. அது கொழும்பிலே இல்லை, கண்டியிலே இல்லை. இரத்தினபுரி மாவட்டத்தில், பலாங்கொடைக்கு அப்பால், பதுளைக்குச் செல்லும் பெருந்தெருவை ஒட்டிப் பெலிகுலோயாவிலே இருக்கிறது. 1996ஆம் ஆண்டிலே திறக்கப்பட்ட அந்தக் கலைக்கூடத்தின் பிரயோக விஞ்ஞான பீடத்தில் இரசாயனத் தொழில்நுட்பத்தைச் சிறப்புப் பாடமாகப் பயின்று பட்டம் பெறலாம். அம்மாவட்டத்தின் குன்றுகளிலே தேயிலைத் தோட்டங்கள். மாகாணத்தின் தாழ்ந்த சரிவுகளிலே இறப்பர்த் தோட்டங்கள். தோட்டத்திலிருந்து பல்கலைக்கழகத்துக்குப் பேருந்து போகிறது. பிள்ளை போகிறதா? இதுவே நமது கேள்வி.

மலையகத்துக்குத் தனிப் பல்கலைக்கழகம் வேண்டும் என்ற முழக்கம் பல தேர்தல்களைக் கண்டுவிட்டது. வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. ஆனால், வீட்டு வாசலிலே கட்டி நிற்கும் பல்கலைக்கழகத்துக்குள் நம் பிள்ளை நுழைவதற்குப் படி வெட்டாதவர்கள், இன்னொரு வாசலைக் கட்டித் தருவோம் என்று மேடைதோறும் பேசுவதைக் கேட்கும்போது, ஏணியைத் திருடியவன் மாடிக்கு வர்ணம் பூசுவதாக வாக்களித்த கதைதான் நினைவுக்கு வருகிறது.

ஏன் இரசாயனத்தைப் பற்றி இவ்வளவு பேச்சு? கல்விப் பொதுத் தராதர உயர்தரத்திலே மருத்துவத்துக்குப் போகிறவனுக்கும் இரசாயனம் வேண்டும். பொறியியலுக்குப் போகிறவனுக்கும் வேண்டும். விவசாய விஞ்ஞானத்துக்கும் வேண்டும். உயிரியல் ஒருவனுக்கு, கணிதம் மற்றவனுக்கு என்று வழிகள் பிரியும்; இரசாயனம் இருவருக்கும் பொது. ஆகவே, இரசாயன ஆசிரியர் இல்லாத பாடசாலை ஒரு பாடத்தை மட்டும் இழந்த பாடசாலை அன்று. வைத்தியர், பொறியியலாளர், விவசாய விஞ்ஞானி என்ற மூன்று கதவுகளையும் ஒரே பூட்டினால் பூட்டிவிட்ட பாடசாலை அது!

அந்தப் பூட்டு எங்கே தொங்குகிறது என்று பார்ப்போம். இந்நாட்டில் உயர்தர விஞ்ஞான வகுப்பு உள்ள பாடசாலையை 1ஏபி என்று வகுத்திருக்கிறார்கள். கலையும் வணிகமும் மட்டும் உள்ளது 1சி. உயர்தரமே இல்லாதவை இரண்டாம், மூன்றாம் வகையின. தோட்டப் பாடசாலைகளுட் பெரும்பாலானவை கடைசி வரிசையிலேதான் நிற்கின்றன. சப்ரகமுவையிலே தமிழ் மொழியில் விஞ்ஞான உயர்தரம் கற்பிக்கும் பாடசாலைகளை எண்ண விரல்களே போதும். இறக்குவானை, காவத்தை, எட்டியாந்தோட்டை, தெரணியகலை என்று பரந்து கிடக்கும் தோட்டங்களிலே, பத்துப் பதினோராம் வகுப்பில் விஞ்ஞானத்திலே ஒளிவிட்ட பிள்ளை, அதற்கடுத்த ஆண்டிலே கலைப்பிரிவில் உட்கார்ந்திருக்கிறது. விரும்பியா உட்கார்ந்தது? வேறு நாற்காலி இல்லை, உட்கார்ந்தது.

இது நேற்று முளைத்த நோயன்று. 1945இல் நாட்டுக்கு இலவசக் கல்வி வந்தது; தோட்டத்துப் பிள்ளைக்கு வரவில்லை. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் அதன் பெற்றோரை நாடற்றவராக்கியது. வாக்கற்றவனின் பாடசாலையை எந்த மந்திரி திரும்பிப் பார்ப்பான்? தோட்டப் பாடசாலைகளை அரசு முறையாகப் பொறுப்பேற்கத் தொடங்கியதே 1977ஆம் ஆண்டையொட்டித்தான். அதே 1977இலும், பின்னர் 1981இலும் 1983இலும் வன்செயல் சப்ரகமுவத் தோட்டங்களைத் தீண்டியது. குடும்பங்கள் மூட்டை முடிச்சுகளுடன் வவுனியாவுக்கு ஓடின. முப்பத்திரண்டு ஆண்டு பிந்தி ஓடத் தொடங்கியவனைக் காலிலும் அடித்துவிட்டு, பந்தயத்திலே ஏன் பின்தங்கினாய் என்று கேட்பது எந்த நாட்டு நியாயம்?

"பங்கீடு இருக்கிறதே!" என்று அதிகாரிகள் கூறுவர். இருக்கிறது, அதன் அழகையும் பார்ப்போம். பல்கலைக்கழக அனுமதியில் 40 வீதம் நாடளாவிய திறமைக்கு. 55 வீதம் மாவட்டங்களுக்கு, சனத்தொகைப்படி. 5 வீதம் கல்வியிற் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கு. அந்தப் பதினாறில் இரத்தினபுரி உண்டு, கேகாலை இல்லை. எனவே, தெரணியகலையிலே பிறந்த பிள்ளை, சட்டத்தின் கண்ணில் பின்தங்கிய பிள்ளையே அன்று! இரத்தினபுரியிலாவது நீதி நடக்கிறதா? மாவட்டப் பங்கீடு மாவட்டத்தைப் பார்க்கும். மாவட்டத்துக்குள்ளே நகரத்தையும் தோட்டத்தையும் பிரித்துப் பார்க்காது. ஆய்வுகூடமும் ஆசிரியரும் தனி வகுப்பும் நிறைந்த நகரப் பாடசாலையின் மாணவனும், அமிலக் குப்பியைப் படத்திலே மட்டும் கண்ட தோட்டத்து மாணவனும் ஒரே வெட்டுப்புள்ளியைத் தாண்ட வேண்டும்.

இதிலே உள்ள கொடுமையை ஊன்றி நோக்குங்கள். மாவட்டத்துக்கு எத்தனை இடம் என்று கணக்கிடும்போது, தோட்டத்திலே வாழும் ஒவ்வொரு தமிழரும் ஒரு தலையாக எண்ணப்படுகிறார். அந்தத் தலைகளாலே மாவட்டத்தின் பங்கு பெருகுகிறது. பெருகிய பங்கைப் பகிரும்போது அந்தத் தலைகளின் பிள்ளைகள் வரிசையிலேயே இல்லை. எண்ணுவதற்கு நாம், இருப்பதற்கு வேறொருவர்! கொழுந்தை நிறுத்து எடுத்துக்கொண்டு கூடையைத் திருப்பித் தருவது போல, தலையை எண்ணி எடுத்துக்கொண்டு பிள்ளையைத் திருப்பி அனுப்புகிறார்கள்.

"தோட்டத்துப் பிள்ளைக்கு இரசாயனம் எதற்கு?" என்று ஏளனமாகக் கேட்பாரும் உளர். அவர்களுக்குச் சொல்கிறோம். ஆலையிலே கொழுந்தை வாட்டி, உருட்டி, விரித்து வைக்கிறார்களே, அங்கே நடப்பது என்ன? இலையின் உயிர்க்கலங்கள் உடைகின்றன. கற்றெகின் என்ற பொருள்கள், இலையிலேயே உள்ள நொதியத்தின் துணையால் ஒட்சியேற்றம் அடைகின்றன. தேயிலைச் சாயத்தின் பொன்னிறமும் செந்நிறமும் அப்போது பிறக்கின்றன. எப்போது சூளையிலிட்டு அதை நிறுத்துவது என்பதிலேதான் தேயிலையின் விலை இருக்கிறது. கேகாலையில் இறப்பர்ப் பாலைப் போமிக் அமிலமிட்டு உறைய வைக்கிறார்களே, அது இரசாயனம். இரத்தினபுரியிலே ஒரு காலத்தில் கேட்பாரற்றுக் கிடந்த 'கெவுட' என்ற பால்நிறக் கல், உயர்ந்த வெப்பத்திலே சுடப்பட்டு நீலக்கல்லாக மாறுகிறதே, இரும்பும் தைத்தேனியமும் கூடிக் காட்டும் அந்த நிறமும் இரசாயனமே. கேகாலை மாவட்டத்துப் போகலைச் சுரங்கத்தின் காரீயமும் இரசாயனமே. இந்த மாகாணத்தின் செல்வம் முழுவதும் இரசாயனம். செல்வத்தைச் சுமக்கும் தமிழனுக்கு மட்டும் அது விலக்கப்பட்ட கனி!

அறியாமையின் விலையை நாடே அண்மையிலே கொடுத்தது. 2015இல் களைகொல்லியான கிளைபொசேற்றைத் தடை செய்தார்கள். தோட்டங்கள் வேறு களைகொல்லியை நாடின. அதன் எச்சம் தேயிலையிலே இருப்பதாக யப்பான் முறையிட்டது. 2018இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் தடையைத் தளர்த்தினார்கள். பாடம் படித்தார்களா? 2021 மே மாதத்திலே இரசாயனப் பசளை இறக்குமதியை ஒரே வீச்சிலே நிறுத்தினார்கள், நவம்பரிலே பின்வாங்கினார்கள். 2021இல் ஏறத்தாழ 30 கோடி கிலோவாக இருந்த தேயிலை விளைச்சல், 2022இல் ஏறத்தாழ 25 கோடியாகச் சுருங்கியது. கொழுந்து குறைந்தபோது தொழிலாளியின் நிறுவை குறைந்தது. வடக்கின் வெங்காயச் செய்கையாளனும் கிழக்கின் நெல் விவசாயியும் பட்ட துன்பத்தை வாசகர்களாகிய நீங்களே அறிவீர்கள். மண்ணையும் பசளையையும் அளந்து, "இது தகும், இது தகாது" என்று துணிந்து சொல்லும் விஞ்ஞானிகள் நம் விவசாயிகளின் வீட்டிலிருந்தே எழவேண்டும் என்பதற்கு இன்னும் என்ன சான்று வேண்டும்?

பட்டத்தோடு பயணம் முடிவதில்லை. முதற் பட்டம் இலவசம். அதற்கு மேலே உள்ள படியிலே பணம் கேட்கிறார்கள். எச்சங்களை அளக்கும் பகுப்பாய்வு இரசாயனத்திலே முதுமாணிப் பட்டம் பேராதனையிலும் கொழும்பிலும் உண்டு, கட்டணமும் உண்டு. பல்கலைக்கழக இடம் கிடைக்காதவருக்கு இலங்கை இரசாயன நிறுவகம் 1979 முதல் நடத்திவரும் பட்டக் கற்கை ஒரு நல்ல மாற்று வழி. ஆனால் அதற்கும் கட்டணம், கொழும்புக்கு அருகே தங்கும் செலவு. நாட்கூலி ஆயிரம் ரூபாயாவதற்கே 2021வரை போராடிய குடும்பம் இவற்றை எங்ஙனம் தாங்கும்? போதாக்குறைக்கு, தமிழிலே உயர்தரம் படித்த பிள்ளை, பல்கலைக்கழகத்தின் முதல் நாளிலேயே ஆங்கில விரிவுரையின் முன் திகைத்து நிற்கிறது.

ஆகவே நாம் கேட்பவை இவை:

ஒன்று: இரத்தினபுரியிலும் கேகாலையிலும், தோட்டங்களுக்கு எட்டும் தூரத்திலே, விடுதியும் ஆய்வுகூடமும் நிரந்தர ஆசிரியரும் கொண்ட தமிழ் விஞ்ஞானப் பாடசாலைகள் வேண்டும். பெயர்ப்பலகையை மாற்றித் தரமுயர்த்தியதாகக் கணக்குக் காட்டுவது வேண்டாம்.

இரண்டு: அப்பாடசாலைகள் வளரும்வரை, பின்தங்கியோர் பங்கு மாவட்டத்தின் பெயரால் அன்றி, பாடசாலையின் வசதியை அளந்து வழங்கப்பட வேண்டும். அப்படி அளந்தால் தோட்டத்துத் தமிழ்ப் பிள்ளையோடு, குக்கிராமத்துச் சிங்களப் பிள்ளையும் பயன்பெறும். நாம் கேட்பது சலுகையன்று, நேர்மையான தராசு.

மூன்று: தோட்டக் கம்பனிகள் தொழிலாளரின் பிள்ளைகளுக்கு இரசாயனப் பட்டத்துக்கும் முதுமாணிக்கும் உதவிப்பணம் வழங்கி, ஆலைகளிலே விஞ்ஞானப் பதவி தரவேண்டும்.

அரசு செய்யும்வரை கைகட்டி நிற்பதா? தமிழ்ப் பேராசிரியர்களே, வைத்தியர்களே, பொறியியலாளர்களே! பலாங்கொடையிலும் எட்டியாந்தோட்டையிலும் விடுமுறை வகுப்பு நடத்த உங்களால் இயலாதா? உங்களை உயர்த்தியதும் ஒரு கிராமத்து இரசாயன ஆசிரியர்தானே! விவசாயப் பெருமக்களே! உங்கள் மண்ணைச் சோதிக்க வருகிறவன் உங்கள் மொழியிலே பேச வேண்டாமா?

இரு நூறாண்டுகளாக நம் மக்கள் இந்த மலைகளிலே பொன் விளைத்தார்கள். அந்தப் பொன்னை உரைத்துப் பார்க்கும் கல்லும் இனி நம் பிள்ளைகளின் கையிலே இருக்கட்டும்.