கிதாரும் கைத் தகுதியும்

உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் உள்ள, கி.பி. 921-ஆம் ஆண்டைச் சேர்ந்த முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டு, குடவோலையில் பெயர் இடம்பெற வேண்டியவர்களுக்கான தகுதிகளைக் கூறுகிறது. வயது 35-க்குக் குறையாமலும் 70-ஐத் தாண்டாமலும் இருக்க வேண்டும். வரி செலுத்தும் நிலமும் சொந்த மனையில் வீடும் வேண்டும். ஊரை ஆள்வதற்குத் தகுதி கேட்பது நியாயமே. ஆனால் இசைக்கு யாரும் விதிக்காத தகுதிகளை நம் பிள்ளைகள் தாங்களே விதித்துக்கொள்கிறார்கள். விரல் குட்டை, விரல் தடிமன், இடக்கைப் பழக்கம், நுனி வலி: இவற்றில் ஏதேனும் ஒன்றைச் சொல்லி, ஆசையாய் வாங்கிய கிதாரை ஆணியில் மாட்டிவிடுகிறார்கள். ஏர் பிடித்த பரம்பரையின் கைக்கு இது வராது என்று பெரியவர்களும் ஒத்து ஊதுகிறார்கள்.

இதை நாங்கள் ஏற்கவில்லை. முதலில் கருவியைச் சோதிக்க வேண்டும், அடுத்துப் பிடிமுறையை. கையைக் குறை சொல்வது கடைசியில்தான்.

மலிவான கிதார்கள் பலவற்றில் தந்திகள் கழுத்திலிருந்து தேவைக்கு மேல் உயர்ந்து நிற்கின்றன. எஃகுத் தந்திக் கிதாரில் 12-ஆம் மெட்டின்மேல் தடித்த தந்தி சுமார் இரண்டரை மில்லிமீட்டர் உயரத்தில் இருந்தாலே போதும். அது நான்கு, ஐந்து என்று ஏறிவிட்டால் தேர்ந்த கலைஞரின் விரலும் நோகும். பழுது பார்ப்பவர் அதைத் தாழ்த்தித் தருவார். மெல்லிய தந்திகளை மாட்டினாலும் அழுத்தும் சிரமம் குறையும். நைலான் தந்தி விரலுக்கு இன்னும் இதமானது. ஆனால் நைலானுக்கென்று செய்த கிதாரில் எஃகுத் தந்தியை முறுக்கினால் அதன் இழுவிசையைக் கருவி தாங்காது. முழு அளவுக் கிதாரில் அதிரும் தந்தியின் நீளம் ஏறத்தாழ 65 சென்டிமீட்டர். சிறு கைகளுக்கு முக்கால் அளவுக் கிதார் இருக்கிறது.

பிடிமுறைக்கு வருவோம். விரல் இரு மெட்டுகளின் நடுவில் பதிந்தால் பலம் அதிகம் தேவை. மெட்டை ஒட்டிப் பதிந்தால் பாதி உழைப்பு மிச்சம். கட்டைவிரல் கழுத்தின் பின்புறம் தளர்ந்து நிற்கட்டும். மணிக்கட்டு முறுக்கி மடங்கவேண்டாம். அழுத்தும் கையில் நகம் வளர்க்கலாகாது. ஒற்றை விரலால் ஆறு தந்திகளையும் அழுத்தும் பிடி முதல் வாரத்தில் வராது; அதற்கு மாதங்கள் ஆகும்.

வலியிலும் இருவகை உண்டு. வீணை வாசிப்போரின் விரல்களில் தந்தி பதிந்த காய்ப்பை நாம் கண்டிருக்கிறோம். நுனி விரல் எரிவது அந்தக் காய்ப்புக்கு முன்னோடி. நாள்தோறும் கொஞ்ச நேரம் வாசித்தால் சில வாரங்களில் அடங்கும். மணிக்கட்டிலும் முழங்கையிலும் எழும் வலி அப்படிப்பட்டதன்று. மரத்துப்போதலும் அவ்வாறே. அவற்றைப் பொறுத்துக்கொள்வது வீரமாகாது. உடனே நிறுத்த வேண்டும், நீடித்தால் மருத்துவரைக் காண வேண்டும். கற்றுத்தர ஆள் இல்லாமல் கைபேசித் திரையைப் பார்த்துக் கற்கும் கிராமத்துப் பிள்ளைக்கு இந்த வேறுபாட்டை எடுத்துச் சொல்வார் இல்லை. எங்கள் கவலை இதுதான்.

இனி கை. ஜாங்கோ ரெய்ன்ஹார்ட் 1928-இல் தீவிபத்தில் இடக்கையின் இரு விரல்கள் முடங்கிய பிறகு, எஞ்சிய இரண்டு விரல்களாலேயே தனிவாசிப்பில் புகழ்பெற்றார். பர்மிங்காம் தொழிற்சாலையில் இரு விரல்நுனிகளை இழந்த டோனி அயோமி, பிளாஸ்டிக்கை உருக்கி விரலுறை செய்துகொண்டு மெல்லிய தந்திகளுக்கு மாறினார். இடக்கையரான ஜிமி ஹென்றிக்ஸ் வலக்கைக் கிதாரைத் திருப்பிப் பிடித்தார். இடக்கைப் பிள்ளைகள் வலக்கை முறையிலும் கற்கலாம்; இரு கைகளுக்கும் சமமாக வேலையுள்ள கருவி இது. கிராமத்துக் கை என்ற தயக்கத்துக்கும் பதில் உண்டு: பண்ணைப்புரத்தில் பிறந்த இளையராஜா, இசையமைப்பாளராகும் முன் பிறர் குழுக்களில் கிதார் வாசித்தவரே.

ஆகவே பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். பிள்ளை கிதாரைக் கைவிடுமுன், விவரமறிந்த ஒருவரிடம் கருவியையும் பிள்ளையையும் ஒருமுறை அழைத்துச் செல்லுங்கள். காஞ்சிபுரமோ செங்கற்பட்டோ, ஒருநாள் பேருந்துச் செலவுதான். தந்தியின் உயரத்தை அவர் பார்க்கட்டும், மணிக்கட்டையும் பார்க்கட்டும். கையின் மீது தீர்ப்பு எழுதுவது அதற்குப் பிறகு இருக்கட்டும்.