பட்டமா, கடன் பத்திரமா?

"இங்கிலீசு பி.ஏ. படிச்சியே மக்கா, மாசம் என்ன கிட்டுது?"

வடசேரிச் சந்தையிலே என்னை நிறுத்தி, எங்கள் ஊர் அண்ணாச்சி ஒருவர் கேட்டார். பன்னிரண்டாயிரம் என்றேன். சிரித்தார். "கொத்தனுக்குக் கையாளாப் போனா இதைவிடக் கூடக் கிட்டுமே!" என்றார்.

அவர் தீயவரல்லர். தம் மகனை எந்தப் படிப்பிலே சேர்ப்பது என்ற கவலை அவருக்கு. அவர் கேள்வியிலே நியாயம் இருக்கிறது; சிரிப்பிலேதான் பிழை இருக்கிறது. கையாளின் உழைப்பு இழிந்ததன்று. அவன் வியர்வைக்கு அந்தக் கூலியும் போதாது. ஆனால், நாற்பது பிள்ளைகளுக்கு ஒரு மொழியைக் கற்றுத்தருபவன் பெறும் ஊதியத்தைக் கண்டு நகைக்கிறோமே, நகைப்புக்குரியவன் அந்த ஆசிரியனா, அவனுக்கு அவ்வளவு போதும் என்று விலை வைத்தவனா?

கணக்கை ஒளிக்காமல் வைக்கிறேன். தோழர்கள் கூட்டிப் பார்க்கட்டும்.

என் தாய் அண்டி ஆபீசிலே முந்திரிக்கொட்டை உடைத்தவர். கல்லூரியிலே அரசு உதவி பெறும் பிரிவில் எனக்கு இடமில்லை. சுயநிதிப் பிரிவிலே கிடைத்தது. அதே கட்டடம், அதே பாடம், அதே பல்கலைக் கழகத் தேர்வு. கட்டணம் மட்டும் வேறு! கட்டணம், விடுதி, புத்தகம் என ஆண்டுக்கு 50,000 ரூபாய். மூன்றாண்டுக்கு 1,50,000 ரூபாய் வங்கிக் கடன். வட்டி நூற்றுக்குப் பத்து. படிக்கும் மூன்றாண்டும் அதற்குப் பின் ஓராண்டும் தவணை கேட்கமாட்டார்கள்; ஆனால் வட்டி உறங்காது. நான்காண்டில் 45,000 ரூபாய் வட்டி சேர்ந்து, கடன் 1,95,000 ஆயிற்று. பத்தாண்டுத் தவணையிலே மாதம் 2,577 ரூபாய். கட்டி முடிக்கும்போது நான் செலுத்தியிருக்கப் போவது 3,09,240 ரூபாய். வாங்கியதோ ஒன்றரை இலட்சம்!

இத்துடன் முடிந்ததா? பள்ளி ஆசிரியராக வேண்டுமெனில் கல்வியியல் பட்டமும் வேண்டும். 2015ஆம் ஆண்டு முதல் அது ஈராண்டுப் படிப்பு. வங்கி தந்த ஓராண்டுத் தவணை விடுப்பு முடிந்தபோது நான் இன்னும் மாணவன்! சம்பளம் வருமுன்னே தவணை வந்தது. அம்மாவின் சங்கிலி அடகுக் கடைக்குப் போயிற்று.

"அரசுப் பள்ளிக்குப் போவதுதானே?" என்பர். போக விரும்பாதவர் யார்? 2017ஆம் ஆண்டின் ஊதியத் திருத்தப்படி, அங்கே பட்டதாரி ஆசிரியரின் அடிப்படை ஊதியமே 36,400 ரூபாயில் தொடங்குகிறது. அதே பாடத்தைத் தனியார் பள்ளியிலே நடத்தும் எனக்கு அதிலே மூன்றில் ஒரு பங்கு! அரசுப் பணிக்குத் தகுதித் தேர்வு எழுதவேண்டும். அதன்மேல் போட்டித் தேர்வும் எழுதவேண்டும். 2013ஆம் ஆண்டு தகுதித் தேர்விலே வென்றவர்கள் பல்லாண்டுகள் வேலையின்றி வீதியிலே நின்று முழங்கியதை நாடறியும். தகுதி உண்டு, பணியிடம் இல்லை என்றால், குறை தகுதியிலா, பணியிடத்தை நிரப்பாத கையிலா?

"பொறியியல் படித்திருக்கலாமே" என்று வேறு சிலர் அறிவுரைக்கின்றனர். அந்த அறிவுரைக்குப் பின்னே ஓர் ஓரவஞ்சனை ஒளிந்திருக்கிறது. 2009ஆம் ஆண்டு இந்திய அரசு வட்டி மானியத் திட்டம் ஒன்றைக் கொண்டுவந்தது. ஆண்டு வருமானம் நாலரை இலட்சம் ரூபாய்க்கு மேற்படாத குடும்பத்துப் பிள்ளைகளின் படிப்புக் காலத்து வட்டியை அரசே ஏற்கும் திட்டம். நல்ல திட்டம், வரவேற்கிறோம். ஆனால் யாருக்கு? தொழிற்கல்வி, தொழில்நுட்பக் கல்வி பயில்வோருக்கு மட்டும்! அத்தகைய படிப்பிலே சேர்ந்த ஏழை மாணவனின் 45,000 ரூபாயை அரசு ஏற்கும். இலக்கியம் படித்த ஏழையின் 45,000 ரூபாயை முந்திரிக்கொட்டை உடைக்கும் தாய் ஏற்கவேண்டும்! வறுமை ஒன்றே, வட்டி மட்டும் ஏன் இரண்டு?

1968ஆம் ஆண்டு சனவரி 23 அன்று, நம் சட்டமன்றம் இருமொழிக் கொள்கையைத் தீர்மானமாக நிறைவேற்றியது. தமிழும் ஆங்கிலமும் போதும் என்றோம், பெருமையோடு சொன்னோம். அப்படியானால் ஒவ்வொரு பள்ளியிலும் நல்ல ஆங்கில ஆசிரியர் வேண்டுமல்லவா? நாட்டின் கொள்கைக்கு நாடு செலவிடவேண்டும். ஏழைப் பிள்ளை கடன் வாங்கிக் கற்று, கால் வயிற்றுக் கூலிக்குக் கற்பிப்பதன்மேல் ஒரு கொள்கை எத்தனை நாள் நிற்கும்?

நம் மண்ணின் வரலாற்றையும் எண்ணிப் பாருங்கள். நாஞ்சில் நாடு திருவிதாங்கூரின் பகுதியாக இருந்த காலத்திலே, டாக்டர் பல்பு என்பவர் சென்னையிலே மருத்துவம் கற்றுத் திரும்பினார். ஈழவர் என்பதால் திருவிதாங்கூர் அரசு அவருக்கு வேலை மறுத்தது. மைசூர் அவரை ஏற்றது. அன்று பட்டத்தின் முன்னே கதவடைத்தது சாதி. அந்தக் கதவை உடைத்துப் படிக்க வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் நாம். 1893ஆம் ஆண்டிலேயே நாகர்கோவிலில் ஸ்காட் கிறித்தவக் கல்லூரி எழுந்தது. 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பிலே 91.75 விழுக்காடு எழுத்தறிவோடு தமிழகத்தில் முதலிடம் பெற்றது நம் மாவட்டம். முதலிடம் பெற்ற மாவட்டத்துப் பட்டதாரி, முதல் தேதியன்று வங்கிக்கு அஞ்சி நடுங்குவதா?

கடனே கூடாது என்று நான் கூறவில்லை. அது இல்லையேல் நான் கல்லூரி வாயிலைக் கண்டிருக்கமாட்டேன். கடனின் முறை மாறவேண்டும் என்கிறேன். ஆஸ்திரேலியா 1989ஆம் ஆண்டு ஒரு முறை வகுத்தது: பட்டதாரியின் வருமானம் குறிப்பிட்ட அளவைத் தாண்டினால்தான் கடன் பிடித்தம் தொடங்கும். சம்பளம் வராத மாணவனிடம் தவணை கேட்கும் கொடுமை அங்கே இல்லை. இங்கே ஏன் இயலாது? கலைப் படிப்புக்கும் வட்டி மானியம், வருமானத்துக்கேற்ற தவணை, தனியார் பள்ளி ஆசிரியருக்குச் சட்டம் காக்கும் குறைந்தபட்ச ஊதியம். இம்மூன்றையும் கேட்கிறோம். பிச்சையாக அல்ல, உரிமையாக!

அண்ணாச்சி! உங்கள் மகன் ஆங்கிலம் படிக்க ஆசைப்பட்டால் தடுக்காதீர்கள். முதலில் அரசுக் கல்லூரியின் கதவைத் தட்டுங்கள். அடுத்து உதவி பெறும் பிரிவைக் கேளுங்கள். சுயநிதிதான் வழியென்றால், என் கணக்கை எடுத்து வைத்துக்கொண்டு கையெழுத்திடுங்கள். இயன்றால் படிக்கும்போதே மாதந்தோறும் வட்டியைக் கட்டிவிடுங்கள். அது முதலோடு சேராது.

அதற்குப் பிறகும் பிள்ளையின் பன்னிரண்டாயிரத்தைப் பார்த்துச் சிரிப்பு வந்தால், சிரியுங்கள். அந்தச் சிரிப்பு எங்கள்மேல் விழவேண்டாம். கற்பிப்பவனுக்கு இதுவே போதும் என்று விலை வைத்தவர்கள்மேல் விழட்டும்!