பிரேக்குக்குப் போகும் பணம் செலவா, முதலா?

வன்னியில் வியாபாரம் செய்யும் நம்மவர்களின் முதல் பாதி கடையில் இருக்கிறது என்றால், மறு பாதி வீதியில் ஓடிக்கொண்டிருக்கிறது. தம்புள்ளையிலிருந்து மரக்கறி, புறக்கோட்டையிலிருந்து புடவையும் பலசரக்கும், வவுனியாவிலிருந்து கிளிநொச்சிக்கும் முல்லைத்தீவுக்கும் சீமெந்தும் தகரமும் என்று எல்லாமே லொறியிலும் டிமோ பட்டாவிலும்தான் வந்து சேர வேண்டும். 1990 ஒக்டோபரில் வெளியேற்றப்பட்டு, 2009க்குப் பின்னர் தண்ணீரூற்றுக்கும் நீராவிப்பிட்டிக்கும் மீண்டு வந்த எமது சகோதரர்களில் பலருக்கு இன்னும் குடும்பம் புத்தளத்தில், தொழில் இங்கே. அவர்களுக்கு வாகனம் என்பது வியாபாரத்துக்கு மட்டுமல்ல, உறவுக்கும் பாலம்.

இவ்வளவு தூரம் வாகனத்தை நம்பியிருக்கும் நாம், அதன் எந்தப் பாகத்துக்கு முதலில் பணம் செலவழிக்கிறோம்? என்ஜின் சத்தம் மாறினால் அன்றே கராஜுக்குப் போகிறோம். டயர் தேய்ந்தால் பொலிஸுக்குப் பயந்தாவது மாற்றுகிறோம். பிரேக்குக்கு வரும்போது மட்டும் "இந்த நடை முடியட்டும், பார்க்கலாம்" என்கிறோம். காரணம் எளிது. என்ஜின் பழுதானால் வண்டி நின்றுவிடும், வியாபாரம் நின்றுவிடும். பிரேக் தேய்ந்தாலும் வண்டி ஓடும், நிற்கத்தான் மாட்டாது.

வன்னி நிலம் சமதரையானது. இங்கே ஏற்ற இறக்கம் குறைவு என்பதால் தேய்ந்த பிரேக்கும் மாதக் கணக்கில் காலத்தை ஓட்டிவிடும். அதே லொறி மாத்தளை தாண்டிக் கண்டிப் பக்கமோ நுவரெலியா பக்கமோ ஒரு சுமைக்குப் போகும்போதுதான் உண்மை வெளிப்படும். 2025 செப்டெம்பர் 4ஆம் திகதி இரவு எல்ல - வெல்லவாய வீதியில் பஸ் பள்ளத்தில் பாய்ந்து 15 பேர் உயிரிழந்ததை நாம் மறந்திருக்க முடியாது. பிரேக் கோளாறு பற்றிய பேச்சு அப்போதே எழுந்தது. சமதரையென்று இங்கும் அலட்சியமாக இருக்க முடியாது. இரவில் ஏ9 வீதியில் படுத்திருக்கும் மாடுகளும், காட்டோரம் குறுக்கிடும் யானையும், லைட் இல்லாமல் வரும் ட்ரக்டர் பெட்டியும் எங்கள் பிரேக்கைச் சோதிக்கப் போதுமானவை. வேகத்தை 40 கிலோமீற்றரிலிருந்து 80 ஆக்கினால், பிரேக் பிடித்த பின் வண்டி ஓடும் தூரம் இரண்டு மடங்கல்ல, ஏறக்குறைய நான்கு மடங்காகும். ஏற்றும் பாரம் கூடக்கூட பிரேக் தாங்க வேண்டிய சூடும் கூடும்.

இன்னொரு விடயத்தையும் கவனிக்க வேண்டும். 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறந்தது. அந்த ஐந்து வருடமும் இருந்த வண்டிகளைத்தான் ஒட்டியும் கட்டியும் ஓட்டினோம். 2022 நெருக்கடியில் உதிரிப்பாக விலை ஏறியபோது கழற்றிய பழைய பாகங்களையே மீண்டும் பூட்டியவர்கள் பலர். அந்த வண்டிகள் இன்றும் ஓடுகின்றன. வருடா வருடம் எடுக்கும் புகைச் சான்றிதழ் புகையைத்தான் சொல்லும், பிரேக்கைப் பற்றி அது ஒன்றும் சொல்லாது.

பிரேக் திடீரென்று கைவிடுவது குறைவு. பெரும்பாலும் அது முன்கூட்டியே எச்சரிக்கிறது, நாம்தான் கேட்பதில்லை. முன் சில்லிலிருந்து பிரேக் பிடிக்கும்போது கீச்சென்ற சத்தம் வந்தால் பாட் முடியப் போகிறது என்று பொருள். பல பாட்களில் அதற்கென்றே ஒரு சிறு தகட்டை வைத்திருக்கிறார்கள். அந்தச் சத்தம் கரகரவென்று இரும்பு அரைபடும் சத்தமாக மாறினால் பாட் முடிந்து, அதன் இரும்பு டிஸ்கைத் தின்னத் தொடங்கிவிட்டது. புதிய பாட்டின் தடிப்பு சுமார் 10 மில்லிமீற்றர் இருக்கும், 3 மில்லிமீற்றருக்கு வந்தால் மாற்றிவிட வேண்டும். அதற்கு மேல் ஓட்டி மிச்சப்படுத்தும் பணம் டிஸ்க் மாற்றும்போது பல மடங்காகக் கையை விட்டுப் போகும்.

பெடல் வழமையை விட ஆழமாக இறங்குகிறதா? பின் ட்ரம்மில் லைனர் தேய்ந்திருக்கலாம், அல்லது எங்கோ ஒயில் கசியலாம். பஞ்சுபோல் அமுங்கினால் குழாயில் காற்று புகுந்திருக்கலாம். பிரேக் பிடிக்கும்போது வண்டி ஒரு பக்கம் இழுத்தால், ஒரு சில்லு பிடிக்கிறது, மற்றது பிடிக்கவில்லை. ஸ்டியரிங் அதிர்ந்தால் டிஸ்க் சமனாக இல்லை. ஓடி வந்து நின்றவுடன் ஒரு சில்லு மட்டும் மற்றவற்றை விடச் சூடாக இருந்தால் அங்கே பிரேக் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது. ஹேண்ட் பிரேக் முன்னரை விட அதிக உயரம் ஏறினால் அதையும் பார்க்க வேண்டும். இவற்றில் எதையும் கண்டுபிடிக்க மெக்கானிக் தேவையில்லை. காதும் காலும் போதும்.

பிரேக் ஒயிலை நம்மவர்கள் அநேகமாக மறந்தே விடுகிறார்கள். அது காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும் தன்மை கொண்டது. டொட் 3 வகை ஒயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 பாகை செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரம் சேர்ந்த பின்னர் அது 140 பாகை அளவுக்கு இறங்கிவிடலாம். நீண்ட இறக்கத்தில் பிரேக் சூடாகி ஒயில் கொதித்தால் குமிழி உண்டாகி, பெடல் வெறுமையாகக் கீழே போகும். ஆகவே இரண்டு வருடத்துக்கு ஒரு முறை ஒயிலை முழுதாக மாற்றுவது நல்லது. மட்டம் குறைந்தால் ஊற்றி நிரப்பிவிட்டுப் போவது வழக்கமாகிவிட்டது. ஏன் குறைந்தது என்று கேட்க வேண்டும். ஒன்றில் பாட் தேய்ந்திருக்கிறது, அல்லது கசிவு இருக்கிறது. அவசரத்துக்கு என்ஜின் ஒயிலை ஊற்றுவது மிகப் பெரிய தவறு. உள்ளிருக்கும் ரப்பர்கள் ஊதி, முழு அமைப்பும் கெட்டுவிடும்.

எங்கள் செம்மண் புழுதி ட்ரம்முக்குள் படியும். மாரி காலத்தில் வெள்ளம் ஓடும் வீதியைக் கடந்தால் லைனர் நனைந்து பிரேக் பிடிக்காது. கடந்தவுடன் மெதுவாக ஓட்டியபடி சில தடவை பெடலை இலேசாக அமுக்கினால் காய்ந்துவிடும். இறக்கத்தில் முழு நேரமும் பிரேக்கில் கால் வைக்காமல் சிறிய கியரில் இறங்க வேண்டும். பாட்டோ லைனரோ மாற்றினால் இரு பக்கமும் சேர்த்தே மாற்ற வேண்டும். ட்ரம்மைக் கழற்றும்போது தூசியைக் காற்றடித்து ஊத விட வேண்டாம். பழைய லைனர்களில் கல்நார் கலந்திருக்கலாம், அது சுவாசப்பைக்கு ஆபத்தானது.

இவையெல்லாம் தொழில்நுட்பம். நான் சொல்ல வந்தது வியாபாரக் கணக்குப் பற்றியது. லொறியின் சொந்தக்காரர் ஒருவர், அதை ஓட்டுபவர் இன்னொருவர் என்பதுதான் எங்கள் தொழிலின் அமைப்பு. லாபம் முதலாளிக்கு, ஆபத்து சாரதிக்கு. "முதலாளி, பிரேக் கொஞ்சம் இறங்குது" என்று சொல்லும் பொடியனுக்கு நாம் என்ன பதில் சொல்கிறோம்? இரண்டு தடவை கேட்காமல் விட்டால் மூன்றாவது தடவை அவன் சொல்லவே மாட்டான். வேலை போய்விடுமோ என்ற பயத்தில் அப்படியே ஓட்டிக்கொண்டு போவான். அதன் பிறகு நடப்பதற்கு அவன் மட்டும் பொறுப்பென்று நான் ஏற்கமாட்டேன். வாகனத்தை ஓடக்கூடிய நிலையில் வைத்திருப்பது உரிமையாளர் கடமை என்ற நிபந்தனை காப்புறுதிப் பத்திரங்களிலும் வழக்கமாக உண்டு. விபத்துக்குப் பிறகு அதை வாசிப்பதில் பயனில்லை.

தவக்குல் என்று சிலர் சொல்வார்கள். ஒட்டகத்தைக் கட்டுவதா, அவிழ்த்து விட்டு அல்லாஹ்வை நம்புவதா என்று கேட்டவருக்கு நபி (ஸல்) அவர்கள் சொன்ன பதில் நம் பிள்ளைகளுக்கும் தெரியும். பிரேக்கும் அந்தக் கயிறுதான். உதிரிப்பாகம் விற்கும் சகோதரர்களுக்கும் ஒரு வார்த்தை. நனைந்த தானியத்தை அடியில் மறைத்து வைத்தவரை நபியவர்கள் எப்படிக் கண்டித்தார்கள் என்பதை நினைத்துப் பாருங்கள். போலிப் பாட்டை நல்ல பெட்டியில் போட்டு விற்பது அதைவிடப் பாரதூரமானது. நனைந்த தானியத்தில் வாங்குபவர் பணத்தை இழப்பார், போலிப் பாட்டில் உயிரையே இழக்கலாம்.

எனது யோசனை மூன்று. முதலாவது, லீசிங் கட்டணத்தைப் போல பிரேக்குக்கும் மாதா மாதம் ஒரு தொகையை ஒதுக்கி வையுங்கள். அப்போது மாற்றும் நாளில் கை நடுங்காது. இரண்டாவது, வண்டிக்கு ஒரு கொப்பி வைத்து, பாட், லைனர், ஒயில் மாற்றிய திகதியையும் கிலோமீற்றரையும் எழுதுங்கள். ஜும்ஆவுக்குக் கடை பூட்டும் வெள்ளிக்கிழமையில் அதற்கு முன்னர் அரை மணி நேரம் சாரதியோடு வண்டியைப் பாருங்கள். மூன்றாவது, பிரேக் சரியில்லை என்று சாரதி சொன்னால் அன்று வண்டி புறப்படக் கூடாது. இதில் முதலாளியின் சொல்லை விட சாரதியின் சொல்லே மேலானதாக இருக்க வேண்டும். நோன்புக் காலச் சரக்கு ஓட்டம் தொடங்குமுன் எமது வர்த்தக சங்கங்களும் பள்ளிவாசல் நிர்வாகங்களும் சேர்ந்து ஒரு நாளை இதற்கென ஒதுக்கி, நல்ல மெக்கானிக்குகளை அழைத்து எல்லா வண்டிகளையும் பார்த்துவிட்டால் அதைவிடச் சிறந்த ஸதக்கா வேறென்ன?

ஒரு நடை தவறினால் ஒரு நாள் லாபம்தான் போகும். அதை அடுத்த வாரம் உழைத்துக்கொள்ளலாம். வீட்டில் காத்திருக்கும் சாரதியின் பிள்ளைகளுக்கு அப்படி அடுத்த வாரம் என்று ஒன்றில்லை. வல்ல அல்லாஹ் நமது உழைப்பில் பரக்கத்தையும், நமது வீதிகளில் ஸலாமத்தையும் தந்தருள்வானாக.