விழுந்தால் போதுமா?

"தோல்விதான் சிறந்த ஆசான்" என்கிறார் நண்பர், சாட்சிக்கு இந்தியாவின் எஸ்.எல்.வி.-3 ராக்கெட்டை இழுக்கிறார். 1979 ஆகஸ்ட் 10 அன்று அது வங்கக் கடலில் விழுந்தது உண்மைதான். விழுந்ததா பாடம் சொன்னது? இரண்டாம் கட்டத்தில் வால்வு வழியே அமிலம் கசிந்ததைத் தரவுகளைக் குடைந்து கண்டுபிடித்தார்கள். பத்திரிகையாளர்கள் முன் பழியை இஸ்ரோ தலைவர் சதீஷ் தவான் ஏற்றுக்கொண்டார். ராக்கெட்டை உருவாக்கிய அப்துல் கலாமின் குழு நிம்மதியாக வேலை பார்த்தது. 1980 ஜூலை 18இல் அதே வகை ராக்கெட்டில் ரோகிணி செயற்கைக்கோள் சுற்றுப்பாதைக்குப் போனது அப்படித்தான்.

நானும் பத்து வருஷமாகத் தோசையைக் கல்லில் ஒட்டவிட்டவன். ஆசான் வாயே திறக்கவில்லை. "கல்லு ரொம்பக் காஞ்சிருக்கு, தண்ணி தெளிச்சுத் துடை" என்றவர் பக்கத்து வீட்டு அக்கா. அதுவும் சிரிக்காமல்.