கயிறு யார் கையில் இருக்கிறது?



சென்ற மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, அஸர் தொழுகைக்குப் பின் எங்கள் குடும்பத்துப் பிள்ளைகள் நால்வர் இரண்டு கூடாரங்களைச் சுமந்துகொண்டு புன்னைக்காயலுக்குப் போனார்கள். தாமிரபரணி கடலில் கலக்கும் அந்தக் கரையில் ஓர் இரவு தங்கிப் பார்ப்பது அவர்களின் எண்ணம். அது உல்லாசப் பயணம் அன்று, ஒத்திகை. வரும் ஏப்ரலில் இலங்கையின் நுவரெலியாவுக்குச் சென்று மோட்டார் பந்தயங்களைப் பார்க்க வேண்டும், விடுதிக்குப் பணம் கொடுக்காமல் கூடாரத்திலேயே தங்கித் திரும்ப வேண்டும் என்று ஆறு மாதமாகத் திட்டமிட்டு வந்தார்கள்.

இரவு பத்து மணியளவில் காற்று திரும்பியது. மணலில் அடித்த முளைகள் பிடுங்கிக்கொண்டன. அவ்வழியே வந்த முதிய மீனவர் ஒருவர் அவர்களைப் பார்த்து, "தம்பிமாரே, இன்னுங் கொஞ்ச நேரத்துல தண்ணி இங்க ஏறிரும். மேட்டுக்குப் போயிருங்க" என்றார். கூடாரத்தை மாற்றிக் கட்டவும் கை கொடுத்தார். புறப்படும் முன் அவர் கேட்டது ஒரே ஒரு கேள்விதான்: "வீட்டுல சொல்லிட்டு வந்தியளா?"

இருவர் சொல்லிவிட்டு வந்திருந்தார்கள். இருவர் சொல்லவில்லை. மறுநாள் இதை அவர்களே எங்களிடம் சொன்னார்கள். அந்த மீனவரின் கேள்வியே இக்கட்டுரையை எழுதத் தூண்டியது.

செய்தி வீட்டில் பரவியதும் இரண்டு விதமான பேச்சு எழுந்தது. "பந்தயம் பார்க்கக் கடல் கடந்து போவதா? மார்க்கத்துக்கு அடுக்குமா?" என்றனர் பெரியவர்கள் சிலர். "செலவே இல்லாமல் போகிறோம், அப்புறம் என்ன?" என்றனர் பிள்ளைகள். இரு தரப்பும் தவறான இடத்தில் நின்று வாதாடுவதாகவே எங்களுக்குத் தோன்றியது.

முதலில் பெரியவர்களின் பேச்சை எடுத்துக்கொள்வோம். நபி (ஸல்) அவர்கள் மதீனாவில் குதிரைப் பந்தயம் நடத்தினார்கள் என்பது புகாரியில் வரும் செய்தி. பயிற்சி பெற்ற குதிரைகளுக்கு ஹஃப்யாவிலிருந்து ஸனிய்யத்துல் வதா வரையிலும், பயிற்சி பெறாதவற்றுக்கு அங்கிருந்து பனூ ஸுரைக் பள்ளிவாசல் வரையிலும் எல்லை வகுக்கப்பட்டது. இப்னு உமர் (ரலி) அவர்களே அதில் கலந்துகொண்டார்கள். நபியவர்களின் அள்பா என்ற ஒட்டகத்தை ஒரு கிராமவாசியின் ஒட்டகம் முந்தியபோது தோழர்கள் மனம் வருந்தினார்கள். உலகில் உயரும் எதையும் அல்லாஹ் ஒரு நாள் தாழ்த்தாமல் விடுவதில்லை என்று நபியவர்கள் அவர்களுக்கு உணர்த்தினார்கள். சூதாட்டம் கலந்தால் கதை வேறு. ஆனால் வேகத்தையும் திறமையையும் கண்டு மகிழ்வதை மட்டும் வைத்து ஒரு பிள்ளையைக் குற்றவாளியாக்க முடியாது.

இந்த ஆர்வம் வானத்திலிருந்து குதித்ததும் அன்று. நம் வாப்பாமார் இளைஞர்களாக இருந்த காலத்தில் சென்னைக்கு அருகே சோழவரத்தின் பழைய விமான ஓடுதளத்தில் நடந்த பந்தயங்களுக்குக் கூட்டம் திரண்டது. 2005இல் கோயம்புத்தூரின் நரேன் கார்த்திகேயன் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் ஓட்டிய முதல் இந்தியரானார். 2025 ஜனவரியில் துபாய் 24 மணி நேரப் பந்தயத்தில் நடிகர் அஜித்குமாரின் அணி தன் பிரிவில் மூன்றாம் இடம் பெற்றபோது, வளைகுடாவில் வேலை பார்க்கும் நம் பிள்ளைகளின் கைப்பேசிகளில் வேறு பேச்சே இல்லை.

கூடாரத்தில் தங்குவதும் நமக்குப் புதிதன்று. மன்னார் வளைகுடாவில் முத்துச் சலாபம் நடந்த நாட்களில் இந்தக் கரையின் பரதவரும், கீழக்கரை முஸ்லிம்களும், இன்னும் பல ஊராரும் தோணியேறி இலங்கைக்குப் போனார்கள். சிலாவத்துறையிலும் மரிச்சுக்கட்டியிலும் வெறும் மணல்மேட்டில் கிடுகுக் கொட்டகைகளால் ஒரு நகரமே சில வாரங்களில் எழும்பும். தெருக்கள், கடைகள், மருத்துவமனை, நீதிமன்றம் எல்லாம் அதில் இருக்கும். 1905ஆம் ஆண்டுச் சலாபத்தில் மட்டும் எட்டுக் கோடிக்கும் மேற்பட்ட சிப்பிகள் எடுக்கப்பட்டன. சலாபம் முடிந்ததும் அந்த நகரம் மறைந்துவிடும். குறைந்த செலவில் அயல்நாட்டில் தங்கும் கலையை நம் முன்னோர் இப்படித்தான் கற்றார்கள். அவர்கள் போனது பிழைப்புக்காக, நம் பிள்ளைகள் போவது பொழுதுபோக்குக்காக என்ற வேறுபாட்டை மறுக்கவில்லை. எனினும் அவர்களிடமிருந்து கற்க ஒரு பாடம் உண்டு.

முத்துக் குளிப்பவர் கல்லைக் காலில் கோத்துக்கொண்டு ஆழத்துக்கு இறங்குவார். மூச்சு தாங்குவது ஏறக்குறைய ஒரு நிமிடம். மேலே தோணியில் ஒருவர் கயிற்றைப் பிடித்திருப்பார். அந்தக் கயிற்றை மைத்துனர் கையில் கொடுப்பதே வழக்கம் என்று இக்கரையில் சொல்வார்கள். தன் அக்காளோ தங்கையோ விதவையாகிவிடக் கூடாதே என்ற கவலை அவருக்கு இருக்கும் அல்லவா? குளிப்பவர் சோற்றைக் குறைத்திருக்கலாம், உடுப்பைக் குறைத்திருக்கலாம். கயிற்றில் மட்டும் எவரும் மிச்சம் பிடித்ததில்லை.

இப்போது பிள்ளைகளின் வாதத்துக்கு வருவோம். அவர்களின் செலவுத் தாளை வாங்கிப் பார்த்தோம். மதுரையிலிருந்து கொழும்புக்கு விமானம், மின்னணுப் பயண அனுமதிக் கட்டணம், கொழும்புக் கோட்டையிலிருந்து நானுஓயா வரை ரயில், அரிசி, பருப்பு, தேயிலை என்று வரிசையாக எழுதியிருந்தார்கள். பாராட்டத்தக்க உழைப்புதான். ஏப்ரலில் நுவரெலியா வசந்தகால விழாவில் விடுதி வாடகை பன்மடங்காகும் என்பதால் கூடாரம் என்ற யோசனையும் நியாயமானதே. ஆனால் மருத்துவக் காப்பீடு இல்லை. ரயில் நின்றுபோனால் கூடுதலாகத் தங்கும் ஒரு நாளுக்குப் பணம் இல்லை. குளிருக்கான உறக்கப் பை ஒன்றுதான், நால்வரும் முறை வைத்துப் பயன்படுத்துவதாக ஏற்பாடு! ஒரு பிள்ளையின் பங்குத் தொகைக்கு எதிரே, கைப்பேசிச் செயலி ஒன்றில் வாங்கப்போகும் கடன் என்று எழுதியிருந்தது.

"இது சிக்கனம் இல்லையா காக்கா?" என்று இளையவன் கேட்டான்.

இல்லை என்பதே எங்கள் பதில். சிக்கனம் என்பது நாம் அனுபவிக்க வேண்டியதை நாமே குறைத்துக்கொள்வது. நாம் கொடுக்க வேண்டியதை இன்னொருவர் தலையில் ஏற்றுவதற்கு அந்தப் பெயர் பொருந்தாது. காப்பீடு இல்லாமல் போகும் பிள்ளைக்குக் கால் முறிந்தால் செலவு நின்றுவிடாது. உம்மாவின் வளையல் அடகுக் கடைக்குப் போகும். கடன் செயலியில் எடுத்த தொகை வட்டியோடு வளரும், அதைக் கட்டுவது வாப்பாவின் மாதச் சம்பளம். வட்டி பற்றி மார்க்கம் சொல்வதை இங்கே விரித்துரைக்கத் தேவையில்லை. வீண்விரயமும் கூடாது, கஞ்சத்தனமும் கூடாது, இரண்டுக்கும் நடுவில் நிற்க வேண்டும் என்றே குர்ஆன் நமக்குக் கற்பிக்கிறது. தாளில் எழுதாத செலவை யார் கொடுப்பார் என்று கேட்டுப் பார்த்தாலே அந்த நடுவழி தெரிந்துவிடும்.

பந்தயத் திடலில் இந்தக் கேள்வி உயிரையே தொடுகிறது. 2024 ஏப்ரல் 21 அன்று இலங்கையின் தியத்தலாவையில் நடந்த ஃபாக்ஸ் ஹில் பந்தயத்தில் ஒரு கார் தடத்தை விட்டு விலகிப் பார்வையாளர் கூட்டத்துக்குள் பாய்ந்தது. ஏழு பேர் உயிரிழந்தார்கள். அவர்களில் எட்டு வயதுச் சிறுமியும் ஒருத்தி. 1955இல் பிரான்சின் லே மான் 24 மணி நேரப் பந்தயத்தில் சிதறிய காரின் பாகங்கள் கூட்டத்தில் விழுந்து 80க்கும் மேற்பட்டோர் மாண்டனர். பார்வையாளர் எங்கே நிற்கிறார், அவருக்கும் தடத்துக்கும் நடுவில் என்ன இருக்கிறது என்பது பந்தயத்தில் ஓட்டுநரின் திறமைக்கு நிகரான முக்கியம் வாய்ந்தது. மலைச்சரிவின் வளைவில், வேலிக்கு வெளியே, புல்மேட்டில் நின்றால் காசு வேண்டாம் என்பது உண்மை. அந்த இடத்தின் விலை வேறு நாணயத்தில் எழுதப்பட்டிருக்கிறது. தடுப்புச் சுவரும் இருக்கை வரிசையும் உள்ள இடத்துக்குக் கட்டணம் கொடுங்கள். அப்படி ஓர் இடம் இல்லாத பந்தயத்துக்குப் போகவே வேண்டாம்.

ஆகவே நாங்கள் பிள்ளைகளுடன் அமர்ந்து கணக்கை மறுபடி எழுதினோம். குறைக்கக் கூடியவை பல இருந்தன. விலையுயர்ந்த கூடாரம் வேண்டியதில்லை. மழைத்துணி நல்லதாக இருந்தால் போதும். அடுப்புக்கான எரிவாயுக் குப்பியை விமானத்தில் கொண்டுபோக முடியாது, அங்கே இறங்கியபின் வாங்கிக்கொள்ள வேண்டும். நுவரெலியா காய்கறி விளையும் ஊர். சமைத்துச் சாப்பிட்டால் செலவு பாதியாகும். நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்கு 2023 அக்டோபரில் தொடங்கிய கப்பல் சேவையும் ஒரு வழி. ஆனால் பருவமழைக் காலத்தில் அது நிற்பதுண்டு, அங்கிருந்து மலைநாட்டுக்குத் தொலைவும் அதிகம். சிங்கள, தமிழ்ப் புத்தாண்டு விடுமுறையில் ரயில் இருக்கைகள் விரைவில் தீர்ந்துவிடும், முன்பதிவு அவசியம்.

குறைக்கக் கூடாதவை சிலவே. நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,868 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஏப்ரலிலும் பிற்பகலில் இடிமழை பெய்யும், இரவில் குளிர் எலும்பைத் தொடும். எனவே ஆளுக்கொரு உறக்கப் பை வேண்டும். நான்கு பேருக்கும் காப்பீடு வேண்டும். திரும்பும் பயணச் சீட்டுக்கு மேல் இரண்டு நாள் செலவுக்கான பணம் தனியே ஒரு பையில் இருக்க வேண்டும். கூடாரம் அடிக்கும் இடத்துக்கு அனுமதி வேண்டும். ஹோர்ட்டன் சமவெளி போன்ற வனப் பகுதியில் வனசீவராசிகள் திணைக்களத்தின் அனுமதியின்றித் தங்க முடியாது. தேயிலைத் தோட்டம் என்றால் நிர்வாகத்திடம் கேட்க வேண்டும். அங்கே லயன் வீடுகளில் வாழ்பவர்கள் நம் மொழி பேசும் உழைப்பாளிகள். அவர்களின் முற்றமும் தண்ணீர்க் குழாயும் நமக்கு இலவச வசதிகள் ஆகிவிடக் கூடாது.

தொழுகையைப் பற்றியும் பேசினோம். பயணிக்கு மார்க்கம் தந்திருக்கும் சலுகைகளைப் பார்த்தால், கூடாரவாசிகளுக்காகவே தந்தது போலிருக்கும். நான்கு ரக்அத் தொழுகைகளைச் சுருக்கலாம். லுஹரையும் அஸரையும், மஃக்ரிபையும் இஷாவையும் சேர்த்துத் தொழலாம். முழு உளூவுடன் அணிந்த காலுறையின் மீது மூன்று பகலும் மூன்று இரவும் ஈரக்கையால் தடவிக்கொள்ள அனுமதி உண்டு. மலைக்குளிரில் இதன் அருமை தெரியும். எந்தக் காலுறை, எத்தனை நாள் தங்கினால் சுருக்கலாம் என்பவற்றில் மத்ஹபுகளிடையே வேறுபாடு உள்ளதால், புறப்படும் முன் உங்கள் ஆலிமிடம் கேட்டுக்கொள்ளுங்கள். மூவர் பயணம் போனாலே ஒருவரைத் தலைவராக்கிக்கொள்ளும்படி நபியவர்கள் வழிகாட்டியிருக்கிறார்கள். நண்பர்கள் சேர்ந்து போகும் பயணம் பெரும்பாலும் கெடுவது பணத்தால் அன்று. "யார் சொல்வதை யார் கேட்பது" என்ற சண்டையால்தான்.

புதிய கணக்கில் தொகை ஏறக்குறைய ஒன்றரை மடங்கானது. கடன் என்ற வரி அடிக்கப்பட்டது. இந்த ஏப்ரலுக்கு அந்தப் பணம் சேராது. மூவரால் முடியும், நான்காமவனால் முடியாது என்ற நிலை. ஒரு நாள் முழுக்கப் பேசாமல் இருந்துவிட்டு, நால்வருமாக அடுத்த ஆண்டுக்கு ஒத்திவைத்திருக்கிறார்கள். மூத்தவனுக்கு எங்கள் மீது இன்னும் வருத்தம்தான். "நீங்கள் தலையிடாமல் இருந்திருந்தால் போய் வந்திருப்போம்" என்கிறான். போய் வந்திருக்கவும் கூடும். அவன் வருத்தத்தை நாங்கள் மறுக்கவில்லை.

பெற்றோர்களுக்கும் ஒரு வார்த்தை. சொல்லாமல் போன அந்த இருவரும் ஏன் சொல்லவில்லை என்று விசாரித்தோம். "சொன்னால் 'கூடாது' என்ற ஒரே வார்த்தைதான் வரும்" என்றார்கள். அது எங்களைச் சுட்டது. பிள்ளை நம்மிடம் கணக்கைக் காட்ட வேண்டுமானால், முதலில் அந்தக் கணக்கை வாங்கிப் படிக்கும் பொறுமை நமக்கு இருக்க வேண்டும். கயிற்றைப் பிடிப்பவர் குளிப்பவரைத் தடுத்து நிறுத்துவதில்லை. இறங்க விடுகிறார், அசைவு தெரிந்ததும் இழுக்கிறார்.

இப்போது அந்தத் தாளின் ஒரு படி அவர்களின் உம்மாவிடம் இருக்கிறது. எந்த நாள் எங்கே தங்குவார்கள், யாரை அழைக்க வேண்டும் என்பதெல்லாம் அதில் உண்டு. மழை நின்றபின் புன்னைக்காயல் கரையில் இன்னொரு இரவு ஒத்திகைக்குப் போகிறார்கள், இன்ஷா அல்லாஹ். இம்முறை அந்தப் பெரியவரைத் தேடிப்பிடித்து, வீட்டில் சொல்லிவிட்டு வந்திருப்பதைச் சொல்ல வேண்டுமாம்.

பயணம் போகும் பிள்ளைகளையும், வழி பார்த்திருக்கும் பெற்றோரையும் அல்லாஹ் பாதுகாப்பானாக. ஆமீன்.