லட்சம் பெண்கள் சைக்கிள் ஏறினார்கள்!

பெண் சைக்கிள் விடுவது ஒரு செய்தியா?

இன்று அறந்தாங்கியிலோ கீரனூரிலோ பள்ளிக்கூடம் விடும் நேரத்தில் ரோட்டோரம் நின்று பாருங்கள். பெண் பிள்ளைகள் மணியை அடித்துக்கொண்டு கூட்டம் கூட்டமாகப் போவார்கள். யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

1990-ம் ஆண்டு வாக்கில் இதே ஜில்லாவில் நிலைமை வேறு. கிராமத்துப் பெண் சேலையைச் செருகிக்கொண்டு சைக்கிளில் ஏறினால் தெருவே கூடிவிடும். திண்ணையில் இருப்பவர் கேலி பேசுவார். வாலிபர்கள் சீட்டி அடிப்பார்கள். "பொம்பளைக்கு எதுக்குடி சைக்கிள்?" என்று சொந்த வீட்டிலேயே கேள்வி வரும்.

இது எப்படி மாறியது?

அறிவொளி வந்தது

1991-ல் புதுக்கோட்டை கிராமங்களில் அறிவொளி இயக்கம் வேகமாகப் பரவியது. படிக்காதவர்களுக்கு எழுதப் படிக்கக் கற்றுக் கொடுக்கும் இயக்கம் அது. அரிக்கேன் விளக்கு, சிலேட்டு, தொண்டர்கள். தொண்டர்களில் பெண்கள் ஏராளம்.

அங்கேதான் சிக்கல் வந்தது. பாடம் நடப்பதோ ராத்திரியில். ஒரு கிராமத்துக்கும் அடுத்த கிராமத்துக்கும் நடுவே இரண்டு மைல், மூன்று மைல் செம்மண் பாதை. பஸ் கிடையாது. அண்ணனோ புருஷனோ கொண்டு போய் விட்டால்தான் உண்டு. அவர்களுக்கு அன்றைக்கு வேலை இருந்தால் பாடமும் இல்லை.

அப்போது கலெக்டராக இருந்தவர் ஷீலா ராணி சுங்கத். பெண் தொண்டர்களுக்குச் சைக்கிள் கற்றுக் கொடுங்கள் என்றார் அவர். பாடத்தோடு சைக்கிளும் சேர்ந்தது. சைக்கிள் வாங்க பாங்குகளில் கடனுக்கும் ஏற்பாடு செய்தார்.

தொண்டர்கள் சைக்கிளில் வந்து இறங்கியதைப் பாடம் படிக்க வந்த பெண்கள் பார்த்தார்கள். "அக்கா, எங்களுக்கும் சொல்லிக் கொடு" என்றார்கள். களை எடுப்பவர்கள், கல் உடைப்பவர்கள், ஆஸ்பத்திரி நர்சுகள், பால்வாடி ஆயாக்கள், டீச்சர்கள் எல்லாரும் வந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை தோறும் பொட்டல் வெளியில் பயிற்சி முகாம். தங்கச்சிமார்களைச் சைக்கிள் கற்றுக்கொள்ளச் சொல்லித் தனியாக ஒரு பாட்டே கட்டினார்கள்.

பத்திரிகையாளர் பி. சாய்நாத் அந்தக் கிராமங்களில் சுற்றிப் பார்த்து எழுதியிருக்கிறார். லட்சம் பெண்களுக்கு மேல் சைக்கிள் கற்றார்கள் என்பது அவர் தரும் கணக்கு. பத்து வயதுக்கு உட்பட்ட சிறுமிகளை நீக்கிவிட்டால், ஜில்லாவின் கிராமத்துப் பெண்களில் நான்கில் ஒருவர்! எழுபதாயிரம் பேருக்கு மேல் ஊரறியப் போட்டிகளில் சைக்கிள் ஓட்டிக் காட்டினார்கள். 1992-ல் மகளிர் தினத்தன்று 1,500 பேர் சைக்கிளில் கொடி கட்டிக்கொண்டு புதுக்கோட்டை நகருக்குள் நுழைந்தபோது ஊரே வாய் பிளந்து நின்றது.

ஆண்கள் சைக்கிளே போதும்!

கடைகளில் பெண்கள் சைக்கிளுக்குத் தட்டுப்பாடு வந்தது. பெண்கள் காத்திருக்கவில்லை. நடுவில் 'பார்' வைத்த ஆண்கள் சைக்கிளையே வாங்கினார்கள். பிறகு பெண்கள் சைக்கிள் வந்தபோதும் சிலர் மாற்றிக்கொள்ள மறுத்தார்கள். காரணம் கேட்டால் சிரிப்பு வரும். அந்த 'பார்' மேல் பிள்ளையை உட்கார வைக்கலாம் அல்லவா? முன்னால் பிள்ளை, பின்னால் கேரியரில் தண்ணீர்க் குடம். பெண்களுக்கென்று தனியாக வண்டி செய்தவர்கள் சேலையை நினைத்தார்கள், பிள்ளையை மறந்துவிட்டார்கள்!

விளைச்சலை விற்கப் போகும் பெண் பஸ்சுக்காகப் பாதி நாள் காத்துக் கிடந்தாள். சைக்கிள் வந்த பிறகு வியாபாரத்தை முடித்து, தண்ணீர் எடுத்து, பிள்ளையையும் பள்ளிக்கூடத்தில் விட அவளுக்கு நேரம் கிடைத்தது. பணமாகவும் லாபம்தான். ஆனால் அந்தப் பெண்கள் முதலில் சொன்னது பணத்தை அல்ல. "இனி யாரையும் கேட்டுக்கொண்டு நிற்க வேண்டாம்" என்பதைத்தான்.

இன்று வீட்டுக்கு வீடு மோட்டார் சைக்கிள் நிற்கிறது. சாவி யார் பையில் இருக்கிறது? ஆண்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம்; உங்கள் வீட்டிலேயே பாருங்கள்.

மறந்தது எது, மறக்காதது எது?

1992-ல் புதுக்கோட்டை முழு எழுத்தறிவு பெற்ற ஜில்லா என்று அறிவிக்கப்பட்டது. 2011 ஜனத்தொகைக் கணக்கிலோ ஏழு வயதுக்கு மேற்பட்டவர்களில் எழுதப் படிக்கத் தெரிந்தவர் நூற்றுக்கு சுமார் 77 பேர்தான். அறிவொளி பொய் என்று இதற்கு அர்த்தமில்லை. இரண்டும் வேறு வேறு வயதுக்காரர்களை எண்ணிய கணக்குகள். ஆனாலும் ஓர் உண்மையை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். கற்ற எழுத்தைத் தினம் உபயோகிக்காவிட்டால் அது கலைந்துவிடும். வாசிக்க ஊரில் புத்தகம் வேண்டும், பத்திரிகை வேண்டும். முகாம் முடிந்ததும் பல ஊர்களில் அவை வரவில்லை.

சைக்கிள் அப்படி அல்ல. ஒருமுறை உடம்பில் ஏறிய சமநிலை இறங்குவதில்லை. கற்றவள் மகளுக்குக் கற்றுக் கொடுத்தாள்.

தடித்த டயர் வண்டி

இப்போது பையன்கள் தடித்த டயர், கியர் வைத்த சைக்கிள் கேட்டு அடம் பிடிக்கிறார்கள். அதன் பெயர் மலைச் சைக்கிள். 1970-களில் அமெரிக்காவில் கலிபோர்னியா மாகாணத்து இளைஞர்கள் பழைய தடித்த டயர் சைக்கிள்களைத் தூக்கிக்கொண்டு டமல்பைஸ் மலைச் சரிவில் இறங்கி விளையாடினார்கள். அடிவாரம் வருவதற்குள் பின் சக்கரத்துப் பிரேக்கில் கிரீஸ் காய்ந்து புகையும்! அந்த விளையாட்டில் பிறந்த வண்டி இது. வேல்ஸ் நாட்டுக் காடுகளில் இதற்கென்றே பாதை வெட்டி வைத்திருக்கிறார்கள். சுலபமான பாதைக்குப் பச்சை, அடுத்து நீலம், பிறகு சிவப்பு, மிகக் கடினமானதற்குக் கறுப்பு என்று நிறம் குறித்திருக்கிறார்கள். கற்றுக் கொடுக்கச் சம்பளம் வாங்கும் பயிற்சியாளர்களும் உண்டு.

அவர்கள் சொல்லிக் கொடுக்கும் முதல் பாடம் என்ன தெரியுமா? சக்கரத்தைப் பார்க்காதே, போக வேண்டிய இடத்தைப் பார். சரளையில் முன் பிரேக்கை மட்டும் திடீரென்று பிடிக்காதே. முதலில் சமவெளி, பிறகு சரிவு. புதுக்கோட்டையில் பாதை கண்மாய்க் கரை, பயிற்சியாளர் அடுத்த தெரு அக்கா. பாடம் என்னவோ ஒன்றுதான்.

சைக்கிள் கிடைக்கிறது. கற்றுக் கொடுப்பவர் யார்?

தமிழ்நாட்டு சர்க்கார் பள்ளிப் பிள்ளைகளுக்கு இலவச சைக்கிள் கொடுக்கிறது. 2001-ல் 11-ம் வகுப்பு ஆதிதிராவிட, பழங்குடிப் பெண்களுக்கென்று தொடங்கிய திட்டம், 2005-ல் அந்த வகுப்பில் படிக்கும் மற்றவர்களுக்கும் விரிந்தது. நல்ல காரியம். ஆனால் ஏன் 11-ம் வகுப்பு? உள்ளூர்ப் பள்ளியோடு படிப்பை நிறுத்திவிடும் பெண், அதற்கு முன்பே நிறுத்திவிடுகிறாளே!

பீகாரில் 2006 முதல் 9-ம் வகுப்புப் பெண்களுக்குச் சைக்கிள் வாங்கப் பணம் கொடுத்தார்கள். பொருளாதார அறிஞர்கள் கார்த்திக் முரளிதரனும் நிஷித் பிரகாஷும் பக்கத்து ஜார்க்கண்டோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். உயர்நிலைப் பள்ளியில் சேரும் பெண்கள் சுமார் 30 சதவீதம் கூடியிருந்தார்கள். பள்ளி தூரத்தில் இருந்த ஊர்களில்தான் பலன் அதிகம். இங்கேயும் 9-ம் வகுப்பிலேயே கொடுத்தால் என்ன?

இன்னொன்றும் உண்டு. வண்டி கொடுக்கும் விழாவில் பந்தல் உண்டு, மாலை உண்டு. விடத் தெரியாத பிள்ளைக்குச் சொல்லிக் கொடுப்பது மட்டும் யாருடைய வேலையாகவும் இல்லை. 1991-ல் அது ஒரு ஜில்லாவின் வேலையாக இருந்தது. வண்டியோடு ஆளும் மைதானமும் நேரமும் ஒதுக்கினார்கள். அதனால்தான் லட்சம் பேர் ஏறினார்கள்.

உங்கள் வீட்டிலும் ஒரு பெண் பயந்துகொண்டு வண்டியை உருட்டியே போகிறாளா? இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு ஸ்பேனரை எடுங்கள். சீட்டுக்குக் கீழே உள்ள போல்ட்டைத் தளர்த்தி, உட்கார்ந்தால் இரண்டு பாதமும் தரையில் படும் அளவுக்குச் சீட்டை இறக்குங்கள். பெடல் இரண்டையும் கழற்றிவிடுங்கள். மெல்லிய சரிவில் காலால் உந்தி உந்திப் போகட்டும். இடது பக்கம் சாய்ந்தால் ஹாண்டிலையும் இடது பக்கமே திருப்பச் சொல்லுங்கள். எதிர்ப்பக்கம் திருப்பினால்தான் விழுவாள். இரண்டு காலும் தூக்கிப் பத்தடி போய்விட்டால் பெடலை மாட்டுங்கள். பின்னால் கேரியரைப் பிடித்துக்கொண்டு ஓட வேண்டாம். பிடித்திருக்கிறீர்களா என்று திரும்பித் திரும்பிப் பார்ப்பாள்.